கனவுக் காரின் ஒப்பனை: பந்தய வீடியோ விளையாட்டுகள் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

திறனாய்வு என்பது நூல்களுக்கே உரியது என்ற எண்ணம் நமது பல்கலைக்கழக வட்டாரங்களில் இன்னும் வலுவாகவே நிலவி வருகின்றது. நாடகமும் திரைப்படமும் ஆய்வுக்குரிய பொருள்களாக ஏற்றுக்கொள்ளப்படுவதற்கே நெடுங்காலம் சென்றது. இளைஞர்கள் கைப்பேசியிலும் கணினியிலும் ஆடும் விளையாட்டுகளைப் பற்றி நம்மவர் எழுதுவனவோ, பெரும்பாலும் கண்டனங்களாகவும் பெற்றோருக்கான எச்சரிக்கைகளாகவுமே அமைந்துவிடுகின்றன. ஒரு பொருளை ஆராயாமலே கண்டித்தல் எளிது. ஆனால் அது திறனாய்வாகாது. மறுபுறத்தில், இவ்விளையாட்டுகள் ‘படைப்பாற்றலை வளர்க்கின்றன’ என்று விளம்பரக்காரர் கூறுவதை அப்படியே திருப்பிச் சொல்வதும் திறனாய்வாகாது. இவ்விரு போக்குகளுக்கும் வெளியே நின்று, பந்தய விளையாட்டுகளில் இடம்பெறும் கார் ஒப்பனை என்னும் ஒரேயொரு கூறினை மட்டும் நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

பந்தய விளையாட்டு என்றதும் வேகமே அதன் உயிர் என ஆடாதவர் கருதுவர். ஆடியவர் அறிவர், நேரத்தின் கணிசமான பகுதி வீதியிற் கழிவதில்லை, கராஜிலேயே கழிகின்றது என்பதை. ஒளியூட்டப்பட்ட மேடையொன்றில் கார் மெல்லச் சுழல்கின்றது. ஆடுபவர் அதன் நிறத்தை மாற்றுகின்றார்; சில்லின் வளையத்தை மாற்றுகின்றார்; பின்புறத்திற் சிறகு பொருத்துகின்றார், கழற்றுகின்றார், மீண்டும் பொருத்துகின்றார். பந்தயத்தில் வெல்வதற்கு இவற்றுட் பல எவ்வகையிலும் உதவா. ஆயினும் ஈட்டிய பணம் இதிலேயே கரைகின்றது. பயனற்றதெனத் தோன்றும் இந்த உழைப்பின் பொருள் யாது? பட்டிப்பொலவிலிருந்து வந்த ஒருத்திக்கு இது வெறும் அழகியல் வினாவாக இருத்தல் இயலாது. இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் அமைந்துள்ள ஊர் அது. கரட்டும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் ஏற்றிய லொறிகளும், அம்பேவலைப் பண்ணையின் பால் வண்டிகளும், ஹோர்ட்டன் சமவெளிக்குச் செல்லும் உல்லாசப் பயணிகளின் வான்களுமே அவ்வீதியை நிறைப்பன. லம்போகினி அங்கே கைப்பேசித் திரையில் மட்டுமே ஓடும்.

வாகன வருணனை தமிழுக்குப் புதிதன்று. பாரி முல்லைக்குத் தேர் ஈந்த செய்தியில், தேரின் பெருமை அது கைவிடப்படுவதிலேயே வெளிப்படுகின்றது. சீவக சிந்தாமணியிற் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறி, கருவுற்றிருந்த விசயையைச் சுமந்து சென்று சுடுகாட்டில் இறக்குகின்றது. பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்கச் செய்த பொய்யானை, உள்ளே வீரரை மறைத்து வைத்த வஞ்சப் பொறி. இவை மூன்றிலும் வாகனம் ஒரு செயலிற் செலவாகிறது. கதை அதனை விட்டு முன்னே செல்கின்றது. பந்தய விளையாட்டிலோ வாகனம் செலவாவதேயில்லை. கதையே வாகனத்தைச் சுற்றி நின்றுவிடுகின்றது. இவ்வேறுபாட்டை மனங்கொண்டு சில விளையாட்டுகளைத் தனித்தனியே நோக்குவோம்.

இவ்வகைக்கு இலக்கணம் வகுத்ததெனக் கூறத்தக்கது, 1997 டிசம்பரில் யப்பானிற் பிளேஸ்டேசனுக்காக வெளியான ‘கிரான் டூரிஸ்மோ’. கசுனோரி யமௌச்சியின் தலைமையில் உருவான இதில் ஏறத்தாழ 140 கார்கள் இடம்பெற்றன. ஆடத் தொடங்குபவரின் கையில் 10,000 கிரெடிட் மட்டுமே உண்டு. அதைக்கொண்டு பழைய கார் ஒன்றை வாங்கித்தான் பெரும்பாலும் தொடங்கவேண்டும். சாரதி அனுமதிப்பத்திரப் பரீட்சைகளிற் சித்தியடையாமற் பெரும் பந்தயங்களுள் நுழைதல் முடியாது. இவ்விளையாட்டின் ஒப்பனை, கண்ணுக்குத் தெரியும் ஒப்பனை அன்று. புகைபோக்கியை மாற்றுதல், டர்போ பொருத்துதல், எடையைக் குறைத்தல், கியர் விகிதங்களைத் திருத்துதல் என்பனவே அதன் கலை. நேர்வீதியிற் பெற்ற வேகத்தை வளைவில் இழக்க நேரும். வளைவுக்கெனத் திருத்தினால் நேர்வீதியிற் பின்தங்க நேரும். தெரிவு ஒவ்வொன்றுக்கும் ஓர் இழப்பு உண்டு என்பதை இதனைவிடத் தெளிவாக உணர்த்திய விளையாட்டை நான் கண்டதில்லை.

ஈண்டு இன்னொன்றும் நோக்கற்பாலது. இவ்விளையாட்டுகள் ஏழை இளைஞரை ஈர்ப்பது ஆடம்பரக் கனவினாலேயே என்று பலரும் கூறுவர். முழுமையாக அவ்வாறன்று என்பதே என் துணிபு. ஓடினாற் பணம், மூன்றாமிடம் வந்தாலும் அதற்கேற்ற பணம், இருபது முறை ஓடினால் இன்ன கார் என்று முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். உழைப்புக்கும் பேற்றுக்கும் இடையே ஒரு நேர்கோடு. தோட்டத்தில் நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான் விழும். மழை பெய்ததா, மலை காய்ந்து கிடந்ததா என்று எவரும் கேட்பதில்லை. நாட்சம்பளம் 1000 ரூபா என்று 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வெளிவருவதற்கு ஆண்டுக்கணக்கிற் போராடவேண்டியிருந்த சமூகத்தின் பிள்ளைகளுக்கு, உழைத்ததற்கு உழைத்த அளவு கிடைக்கும் என்ற விதியே பெரிய கனவு. கார் அதன் பிறகுதான் வருகின்றது. இதனைத் ‘தப்பித்தல்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் விமரிசகர், எதிலிருந்து தப்பித்தல் என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்.

எனினும், இந்த நேர்மையான விளையாட்டிலும் ஒரு பொய் உண்டு. முதல் நான்கு ‘கிரான் டூரிஸ்மோ’க்களிலும் கார் எதில் மோதினாலும் ஒரு கீறல்தானும் விழுவதில்லை. 2010 இல் வெளிவந்த ஐந்தாவதிலேயே சேதம் காட்டப்பட்டது. ஒப்பனைக்கு விலை உண்டு, விபத்துக்கு விலை இல்லை என்ற உலகம் அது. மலைவீதிகளில் வாழ்பவருக்கு இக்குறை சிறிதாகத் தோன்றாது.

அடுத்து, 2004 நவம்பரில் வெளியான ‘நீட் ஃபோர் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட் 2’. நமது நாட்டு இளைஞரிடையே பரவலாக அறியப்பட்ட பழைய விளையாட்டு இது. பேவியூ என்னும் கற்பனை நகரில் எப்போதும் இரவு. மழை நனைத்த வீதிகளிற் பல்வண்ண விளக்கொளி. இதிலே பெராரியும் இல்லை, லம்போகினியும் இல்லை. ஹொண்டா சிவிக், டொயோட்டா கொரொல்லா, பேஜோ 206 போன்ற சாதாரணக் கார்களே தொடக்கத்திற் கையில் அகப்படுவன. சாதாரண வாகனத்தைக் கனவு வாகனமாக்குதல் என்ற எண்ணமே இதன் உயிர்நாடி. இவ்வெண்ணம் உயர்ந்தது. கொரொல்லாவை நாம் வீதியிற் கண்டிருக்கின்றோம். மாமாவின் நண்பர் ஒருவரிடமாவது அது இருக்கும். கண்டறியாத ஒன்றைக் கனவு காண்பதிலும், கண்ட ஒன்றை மாற்றிக் கனவு காண்பதே கலைக்கு அண்மையானது.

ஆயின், இவ்வுயர்ந்த எண்ணத்தை விளையாட்டு தானே கெடுத்துவிடுகின்றது. காரின் தோற்றத்துக்கு நட்சத்திரக் கணக்கில் மதிப்பீடு வழங்கப்படுகின்றது. சஞ்சிகை அட்டைகளிலும் டிவிடி உறைகளிலும் கார் இடம்பெற வேண்டுமாயின் அம்மதிப்பீடு உயரவேண்டும். உயர்த்தும் வழி எது? மேலும் மேலும் பொருத்துதல். அடிப்புறத்தில் நியோன் விளக்கு, பெட்டிக்குள் ஒலிபெருக்கிகள், மேல்நோக்கித் திறக்கும் கதவுகள், பக்கமெங்கும் படங்கள் எனப் பொருத்தியவை கூடக்கூட நட்சத்திரமும் கூடும். ஒரே நிறம் பூசி, மற்றெதையும் தொடாமல் விட்ட கார், அதனை விட்டவர் எத்துணை ரசனையுடன் விட்டிருப்பினும், மதிப்பில் தாழ்ந்தே கிடக்கும். அடக்கம் என்னும் அழகியற் பண்புக்கு இங்கு இடமில்லை. ரசனை எண்ணிக்கையாகின்றது, எண்ணிக்கை கொள்வனவாகின்றது. நகரின் வீதியோரங்களிற் பேர்கர் கிங், சிங்கியுலார் போன்ற உண்மை நிறுவனங்களின் விளம்பரங்களும் நிற்கின்றன. ஆகவே இது தற்செயலான குறைபாடு அன்று, நுகர்வுச் சமுதாயத்தின் தர்க்கமே விளையாட்டின் விதியாக உருக்கொண்டது எனலாம். (இவ்விளையாட்டிற் பெண்ணுக்குரிய இடம், வழிகாட்டும் ரேச்சல் என்னும் பாத்திரத்தோடு ஏறத்தாழ முடிந்துவிடுகின்றது. பெண்கள் ஆடுவார்கள் என்று ஆக்கியோர் நினைத்ததாகவே தெரியவில்லை. ஆடினோம்.)

இதற்கு நேர்மாறான ஒரு மதிப்பீட்டையும் நம் நாட்டிற் கண்டோம். 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பொருத்தப்பட்டிருந்த மேலதிக விளக்குகள், ஒலியெழுப்பிகள், அலங்காரங்கள் ஆகியவற்றை அகற்றும் நடவடிக்கையிற் பொலிஸார் இறங்கினர். எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் விளக்கும், காதைப் பிளக்கும் ஒலியும் அகற்றப்பட வேண்டியவையே. மலைவளைவுகளில் அவை உயிரைக் குடிக்கும். ஆனால் கண்ணாடியின் மேல் தொங்கிய மாலையும் முன்புறத்தில் எழுதிய பெயரும் அதே பட்டியலிற் சேரும்போது, வினா பாதுகாப்பிலிருந்து ரசனைக்கு நழுவிவிடுகின்றது. ஒரு விளையாட்டு அலங்காரத்தை எண்ணி நட்சத்திரம் கொடுத்தது. அரசு அலங்காரத்தை எண்ணிக் கழற்றியது. இருதரப்பினரும் எண்ணினார்களேயன்றிப் பார்க்கவில்லை.

இனி, ‘சுப்பர் கார்’ என்னும் பொருளுக்கே வருவோம். லம்போகினி நிறுவனத்தை 1963 இல் தொடங்கிய பெரூச்சியோ லம்போகினி, அதற்கு முன்னர் டிராக்டர் செய்து பொருளீட்டியவர். 1966 இல் வெளிவந்த ‘மியூரா’வுடனேயே இன்று நாம் அறியும் சுப்பர் கார் என்ற வடிவம் உறுதிப்பட்டது. மரக்கறித் தோட்டத்தில் மண் புரட்டும் இயந்திரத்துக்கும் இந்தக் கனவுக்கும் இடையே ஒரு தலைமுறைத் தூரம்கூட இல்லை என்பதை எந்தப் பந்தய விளையாட்டும் சொல்லித் தருவதில்லை. நமது நாட்டிலோ, அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள், வசதி படைத்தோருக்கும் புதிய கார் என்பது திரையிற் காணும் பொருளாகவே இருந்தது. கனவில் அத்தகைய சமத்துவம் நிலவியது அபூர்வமே!

பந்தயம் என்பதும் மலையகத்துக்கு அந்நியமானதன்று. நுவரெலியாவின் மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1930களிலேயே தொடங்கியது. வசந்தகாலத்திற் கொழும்புக் கார்கள் தேயிலை மலைகளினூடே உறுமி ஏறுவதைத் தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருக்கின்றனர். ஆனால் அவர்கள் நின்ற இடம் எப்போதும் மண்மேடு. வீதி அவர்கள் முன்னோர் வெட்டியது; கார் மற்றவருடையது. பந்தய விளையாட்டு வேறெதைச் செய்யாவிடினும், மேட்டில் நின்றவரைச் சுக்கானின் முன் அமர்த்தியது. இது அற்பமான மாற்றமன்று.

2021 நவம்பரில் வெளிவந்த ‘ஃபோர்ஸா ஹொரைசன் 5’ இல் ஒப்பனை முற்றிலும் வேறொரு நிலையை எய்துகின்றது. மெக்சிக்கோவைக் களமாகக் கொண்ட இதில் தொடக்கத்திலேயே 500 க்கும் மேற்பட்ட கார்கள் இருந்தன. இங்கு படங்கள் ஆயத்தமாகத் தரப்படுவதோடு நின்றுவிடுவதில்லை. வட்டம், சதுரம், வளைகோடு முதலிய எளிய உருக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எதையும் வரையலாம். உலகெங்கும் உள்ளவர் தாம் வரைந்ததைப் பிறருக்குப் பகிர்கின்றனர். ஆங்கில எழுத்துகள் ஆயத்தமாக உண்டு. தமிழ் எழுத்துகள் இல்லை. தமிழில் எழுத விரும்புபவர் ஒவ்வோர் எழுத்தையும் உருக்களிலிருந்தே கட்டியெழுப்ப வேண்டும்.

என் தம்பி, நண்பன் வீட்டுக் கணினியில் ஒரு லம்போகினியின் கதவிற் ‘பட்டிப்பொல’ என்று எழுத மூன்று மாலைகள் செலவிட்டான். ‘ப’வும் ‘ட’வும் நேர்கோடுகளால் அமைந்துவிட்டன. இரு புள்ளிகளுக்கு இரு வட்டங்கள் போதுமாயின. ‘டி’யின் வளைவுக்கு ஒரு வட்டத்தை வரைந்து, அதன் பாதியைக் கதவின் நிறத்திலேயே இன்னோர் உருவால் மறைத்தான். ‘பொ’வின் கொம்பும் ‘ல’வின் சுழியுமே அவனை வாட்டியவை. சுழியை ஒரே வளைகோட்டால் ஆக்க முடியாது. ஒன்றின்மேல் ஒன்றாக ஏழெட்டு வேண்டும். எழுத்தின் உடலை அவன் அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்திருப்பான் என்று எண்ணுகின்றேன். பாடசாலையில் அவன் எழுத்து ஒருபோதும் அழகாக இருந்ததில்லை. அக்கார் பந்தயத்தில் வென்றதா என்பது எனக்கு நினைவில்லை.

இச்செயலை வெறும் அலங்காரமென்று கூறுதல் பொருந்துமா? இதனைப் பெயரிடுதல் என்றே நான் கொள்வேன். துரைமார் தம் ஊர்ப்பெயர்களைத் தோட்டங்களுக்கு வைத்தபோது, தொழிலாளர் அவற்றுக்குத் தமக்கேயுரிய தமிழ்ப்பெயர்களை வைத்து வழங்கினர். கந்தோர்ப் புத்தகத்தில் ஒரு பெயர், மக்கள் நாவில் இன்னொரு பெயர். தமக்குச் சொந்தமில்லாத ஒன்றன்மேல் தம் சொல்லைப் பொறித்தல் அது. காரின் கதவில் நிகழ்வதும் ஏறத்தாழ அதுவே.

‘சொந்தமில்லாத ஒன்று’ என்றேன். இதுவே இப்பொருளின் மையமான பிரச்சினை எனக் கருதுகின்றேன். 2014 டிசம்பரில் யூபிசொஃப்ட் நிறுவனம் வெளியிட்ட ‘த குரூ’ என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ஐக்கிய அமெரிக்காவைச் சுருக்கிக் களமாக்கிய அதனை, தனியே ஆடுவதாயினும் நிறுவனத்தின் சேவையகத்தோடு இணைந்தே ஆடவேண்டும். 2024 மார்ச் 31 அன்று அச்சேவையகங்கள் மூடப்பட்டன. விலை கொடுத்து வாங்கியவர்களாலும் அதன்பின் ஆட முடியவில்லை. பத்தாண்டுக் காலம் தேடிச் சேர்த்து, நிறம் பூசி, திருத்தி வைத்த கார்கள் ஒரே நாளில் இல்லாமற் போயின. வாங்கியது விளையாட்டை அன்று, அதனை ஆடுவதற்கான அனுமதியை மட்டுமே என்பது விளக்கம். உரிமை வேறு, உரிமம் வேறு. இதன் எதிரொலியாக அதே ஆண்டில் ‘ஸ்டொப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கம் ரொஸ் ஸ்கொட் என்பவரால் தொடங்கப்பட்டது. வாங்குபவர் பெறுவது அனுமதி மட்டுமே என்பதை வெளிப்படையாகச் சொல்லாமல் ‘வாங்குக’ என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாதெனக் கலிபோர்னியா மாநிலம் சட்டமியற்றி, அது 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

ஐரோப்பிய இளைஞர் இதனைக் கேட்டுத் திடுக்கிட்டனர். மலையகத்தவருக்குத் திடுக்கிட என்ன இருக்கின்றது? லயக்காம்பராவின் சுவருக்கு வெள்ளை அடித்து, தரைக்குச் சீமெந்து இட்டு, வாசலிற் பூச்செடி வைத்து, சாமிப்படம் மாட்டி நான்கு தலைமுறை வாழ்ந்த பின்னரும் காம்பரா தோட்டத்தினுடையது. நிர்வாகத்தின் அனுமதியின்றிக் குசினியை இரண்டடி நீட்டவும் இயலாது. தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாகி, 1992 முதற் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. கைகள் மாறினவே தவிர, சுவருக்கு வர்ணம் பூசியவர் அனுமதி பெற்றவராகவே இருந்தார். 7 பேர்ச் காணியும் அதற்கோர் உறுதியும் என்பது இன்றும் பெரும்பாலானோருக்குக் கைக்கெட்டாத கோரிக்கையே. வீட்டையும் விளையாட்டுக் காரையும் ஒப்பிடுதல் மிகையென்று சிலர் கூறக்கூடும். இழப்பின் அளவில் அவை ஒன்றல்ல. அதனை யாரும் மறுக்கார். ஒப்பனை செய்பவனுக்கும் ஒப்பனை செய்யப்படும் பொருளுக்கும் உள்ள உறவின் வடிவத்தையே நான் சுட்டுகின்றேன். உழைப்பு ஒருவருடையது, சாவி இன்னொருவருடையது.

இந்நோக்கிற் பார்க்கும்போது, ஒளியும் உருவமும் மிகச் சிறந்த விளையாட்டுகளைவிட, மிக எளிய ஒன்று என் கவனத்தை ஈர்க்கின்றது. 2017 இல் மாலியோ என்னும் இந்தோனேசிய நிறுவனம் கைப்பேசிக்கென வெளியிட்ட ‘பஸ் சிமியுலேட்டர் இந்தோனேசியா’ அது. பந்தயம் அன்று. பயணிகளை ஏற்றி இறக்குதலே வேலை. சுப்பர் காரும் இல்லை. ஆனால் பஸ்ஸின் மேற்பூச்சு ஒரு சாதாரணப் படக்கோப்பு. யாரும் தம் கைப்பேசியிலேயே வரைந்து பொருத்தலாம், பிறருக்கு அனுப்பலாம். கேரளத்தாரும் தமிழ்நாட்டாரும் தம் பஸ்களை அதில் ஓடவிட்டனர். நம்மவரும் லேலண்ட் பஸ்களுக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பையும், தனியார் பஸ்களின் வண்ணங்களையும் பூசினர். எழுத்துகளைக் கட்டியெழுப்ப வேண்டியதில்லை. தமிழும் சிங்களமும் தட்டச்சிட்டபடியே வந்து அமர்கின்றன. நிறுவனம் நாளை விளையாட்டை மூடினாலும், வரைந்த படம் வரைந்தவரிடமே இருக்கும்.

கலைத்தரத்தில் இவை யாவும் சிறந்தவை என்று கூற நான் முன்வரேன். பெரும்பாலானவை வீதியில் ஓடும் பஸ்களின் நகல்கள். நடிகர்களின் முகமும் சிறுத்தையின் முகமும் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஒருவர் வரைந்ததில் மற்றவர் பெயரை மட்டும் மாற்றிவிடுவதும் உண்டு. ஆயினும் ‘ஹற்றன் – கொழும்பு’ என்ற பலகையுடன் ஒரு பஸ் இந்தோனேசிய வீதியொன்றில் தென்னைகளினூடே செல்வதைக் காணும்போது, ‘அண்டர்கிரவுண்ட் 2’ இன் உயர் நட்சத்திர மதிப்பீடு பெற்ற கார்களில் நான் காணாத ஒன்றைக் காண்கின்றேன். அந்தப் பஸ்ஸுக்குப் போவதற்கு ஓர் ஊர் இருக்கின்றது.

லம்போகினியை விட்டுவிட்டுத் தம்பி இப்போது பஸ் வரைகின்றான். முன்பலகையில் ‘பட்டிப்பொல – நுவரெலியா’ என்று மும்மொழியிலும் எழுதியாகிவிட்டது. பக்கங்களில் பச்சை மலையும் மஞ்சட் கோடும். பின்கண்ணாடி மட்டும் இன்னும் வெறுமையாகவே உள்ளது. அதில் என்ன எழுதுவது என்பதில் அம்மாவுக்கும் அவனுக்கும் எனக்கும் மூன்று கருத்துகள்.